கணிப்பொறியும் காப்புப்படியும்

சென்ற ஆண்டு ஆவணித் திங்களில் ஒரு நாள் காலை, என் வீட்டுக் கணிப்பொறி கண் விழிக்க மறுத்துவிட்டது. விசையை அழுத்தினேன், விளக்கு எரிந்தது, விசிறி சுழன்றது. ஆயினும் திரையில் ஒன்றும் தோன்றவில்லை. பெட்டிக்குள்ளிருந்து 'டிக், டிக்' என்று ஓர் ஓசை மட்டும் சீராக வந்துகொண்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தினின்று வந்திருந்தால் அவ்வோசை எனக்குப் பெரிதாகத் தோன்றியிராது. வன்தட்டினின்று வந்தால் அது சாவோசை என்பதைப் பின்னரே அறிந்துகொண்டேன்.

அந்த வன்தட்டில் என் தாயாரின் குரல் இருந்தது.

மாணவ நண்பர்களே! வீட்டுக் கணிப்பொறியில் உள்ளவற்றிற்குக் காப்புப்படி எடுத்து வைக்கும் மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது எங்ஙனம் என்பது பற்றி இன்று உங்களோடு பேச வந்திருக்கின்றேன். பேக்கப் என்று நீங்கள் வழங்குவதையே காப்புப்படி என்கிறேன். 'இதைப் பற்றிப் பேசத் தமிழாசிரியர் ஒருவருக்கு என்ன தகுதி?' என்று நீங்கள் கேட்கலாம். முறையான கேள்விதான். நான் கணிப்பொறிக் கல்வி பயின்றவன் அல்லேன். முப்பது ஆண்டுகள் கல்லூரியில் இலக்கணமும் சுவடியியலும் கற்பித்து ஓய்வு பெற்றவன். இப்பொருளில் எனக்குள்ள தகுதி ஒன்றே: நான் இழந்தவன்.

என் தாயார் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு மேல் படித்ததில்லை. ஆனால் நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி, விடுகதை என்று அவர் நெஞ்சில் இருந்தவற்றிற்கு அளவில்லை. 2009ஆம் ஆண்டு முதல் 2014ஆம் ஆண்டு வரை, ஊருக்குச் செல்லும்போதெல்லாம் ஒரு சிறு ஒலிப்பதிவுக் கருவியை அவர் முன் வைத்துப் பாடச் சொன்னேன். 43 பதிவுகள் சேர்ந்தன. 2016ஆம் ஆண்டில் அவர் காலமானார். 'எழுத்தில் பெயர்த்து ஒரு நூலாக்க வேண்டும், அதற்கு அவசரம் என்ன?' என்று நான் நாளைக் கடத்தினேன். குரல்தான் கணிப்பொறியில் இருக்கின்றதே என்ற துணிவு.

காப்புப்படி எடுக்காமல் இருந்துவிட்டேன் என்று எண்ணிவிடாதீர்கள். எடுத்தேன். அதற்கென்றே ஒரு மென்பொருளை நிறுவியிருந்தேன். இரவு 11 மணிக்கு அது தானே விழித்து, மேசைமேல் இருந்த புற வன்தட்டில் படியெடுத்து, 'வெற்றிகரமாக முடிந்தது' என்று பச்சைக் குறி ஒன்றைக் காட்டும். பதினான்கு மாதங்கள் ஓர் இரவும் தவறாமல் அப்பச்சைக் குறியைக் கண்டு மனநிறைவோடு உறங்கச் சென்றேன்.

கணிப்பொறி செத்த அன்று, பொறியியல் பயிலும் என் தங்கை மகனை வரவழைத்தேன். புற வன்தட்டை அவன் தன் மடிக்கணினியில் பொருத்திப் பார்த்தான். என் கட்டுரைகள் இருந்தன, நிழற்படங்கள் இருந்தன, மின்கட்டண ரசீதுகள்கூட ஆண்டுவாரியாக அடுக்கடுக்காக இருந்தன. பாடல்கள் இல்லை.

"மாமா, இந்தப் பச்சைக் குறி எதற்காகப் போட்டது என்று ஒருநாளாவது பார்த்தீர்களா?" என்று கேட்டான்.

நான் பார்க்கவில்லை. நடந்தது இதுதான். மென்பொருளை நிறுவியபோது எதையெதைப் படியெடுக்க வேண்டும் என்று நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாதபோது ஆவணங்கள், படங்கள், இசை என்ற வழக்கமான கோப்புறைகளை மட்டும் அது தானே எடுத்துக்கொண்டது. நானோ ஒலிப்பதிவுகளை வன்தட்டின் இரண்டாம் பகுதியில், 'டி' என்ற எழுத்துக்குரிய இடத்தில், 'அம்மா' என்று பெயரிட்டுத் தனியே வைத்திருந்தேன். பெரும்பொருளைத் தனியே வைக்க வேண்டும் என்ற பழைய புத்தி! மென்பொருள் பொய் சொல்லவில்லை. தனக்குக் கிடைத்த வேலையை முடித்துவிட்டு, முடித்தேன் என்றே கூறிற்று.

செத்த வன்தட்டைத் தரவு மீட்கும் கடை ஒன்றுக்கு எடுத்துச் சென்றோம். அங்கிருந்தவர் பொறுமையோடு விளக்கினார். வன்தட்டினுள்ளே கண்ணாடிபோன்ற வட்டுக்கள் நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. அவற்றின்மேல், தலைமயிரின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத உயரத்தில், படிக்கும் முனை மிதந்து செல்கின்றது. அம்முனை வட்டைத் தொட்டுவிடுமாயின் வட்டின்மேற் பூச்சு சுரண்டப்பட்டுவிடும். எழுத்து அப்பூச்சில்தான் இருக்கின்றது. என் வன்தட்டில் அதுவே நேர்ந்திருந்தது. கட்டணம் வாங்க மறுத்து அதனைத் திருப்பித் தந்துவிட்டார்.

இது அரிதான விபத்தன்று. பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன்னிடமுள்ள பல்லாயிரம் வன்தட்டுக்களின் சாவுக் கணக்கைப் பல ஆண்டுகளாக வெளியிட்டு வருகின்றது. பொதுவாக ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை பழுதாகின்றன. அவை குளிரூட்டிய கூடங்களில் அசையாமல் இருப்பவை. மின்வெட்டும் வெயிலும் புழுதியும் நிறைந்த நம் வீடுகளில் வாழ்பவற்றின் ஆயுளை நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

எனக்கு மிஞ்சியவை 16 பாடல்கள். 2011ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு என் தங்கைக்கு 12 பாடல்களை ஒரு குறுவட்டில் பதித்துக் கொடுத்திருந்தேன். அது அவள் வீட்டு அலமாரியில் மணப் பத்திரிகைகளுக்கு இடையில் கிடந்தது. நான்கு பாடல்கள் மருமகனின் பழைய கைப்பேசியில் இருந்தன. எவரும் காப்புப்படி என்று எண்ணி எடுத்தவையல்ல. அன்பினால் கொடுத்தவை பிழைத்தன. முறையாக எடுத்த படி கைவிட்டது.

இதே போன்றதொரு நிகழ்ச்சி பெரிய இடத்திலும் உண்டு. 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிக்சார் நிறுவனத்தார் 'டாய் ஸ்டோரி 2' என்ற கேலிச்சித்திரப் படத்தை உருவாக்கிக்கொண்டிருந்தனர். எவரோ தவறாகப் பிறப்பித்த ஓர் அழிப்புக் கட்டளையால் படத்தின் பெரும்பகுதி கணிப்பொறிகளினின்று மறைந்தது. காப்புப்படியைத் தேடினால், அஃது ஒரு மாத காலமாகச் சரிவர வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது! கேலின் சஸ்மன் என்ற அம்மையார் குழந்தை பெற்று வீட்டிலிருந்தே பணியாற்றி வந்தவர். அவர் வீட்டுக் கணிப்பொறியில் படத்தின் படி ஒன்று இருந்தது. அந்தக் கணிப்பொறியைக் கம்பளியில் சுற்றிக் காரில் வைத்து, குழந்தையைக் கொண்டுவருவதுபோல் அலுவலகத்திற்குக் கொண்டுவந்தனர்.

2017ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் நிகழ்ந்த மற்றொன்றும் உண்டு. மென்பொருள் எழுதுவோர் தம் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் என்ற நிறுவனத்தில் பொறியாளர் ஒருவர், வேறொரு கணிப்பொறியில் செய்வதாக எண்ணி, முதன்மைக் கணிப்பொறியின் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். அந்நிறுவனத்தில் படியெடுக்கும் வழிகள் ஒன்றல்ல, ஐந்து இருந்தன. தேவைப்பட்டபோது ஐந்தில் ஒன்றும் ஒழுங்காக உதவவில்லை. நாள்தோறும் எடுக்க வேண்டிய படி, மென்பொருளின் பதிப்பு வேறுபாட்டால் எடுக்கப்படாமலே போயிருந்தது. 'எடுக்க முடியவில்லை' என்று எச்சரித்த மின்னஞ்சல்களோ உரியவரிடம் சேராமல் திருப்பப்பட்டிருந்தன. ஆறு மணி நேரத்திற்கு முன்னர் அப்பொறியாளரே வேறொரு காரியத்திற்காகக் கையால் எடுத்திருந்த ஒரு படிதான் காப்பாற்றியது. அந்நிறுவனத்தார் இவை அனைத்தையும் மறைக்காமல் உலகறிய எழுதி வெளியிட்டனர். அதற்காக அவர்களை நான் மதிக்கின்றேன்.

இவற்றையெல்லாம் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வெட்கத்தை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. ஏனெனில் நான் முப்பது ஆண்டுகள் வகுப்பில் கற்பித்ததே இதுதான். ஓலை, செல்லுக்கும் ஈரத்திற்கும் இரையாவது. ஆதலின் நம் முன்னோர் பழுதான ஏட்டைப் புதிய ஓலையில் பெயர்த்தெழுதினர். ஒருவர் படிக்க மற்றொருவர் எழுதுவார். எழுதி முடித்தபின், படியை மூலத்தோடு ஒப்புநோக்குவர். உ. வே. சாமிநாதையர் பல ஊர்களில் தேடிப் பெற்ற ஏடுகளை ஒன்றோடொன்று ஒப்புநோக்கியே 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை அச்சிட்டு வெளியிட்டார். ஒப்புநோக்காத படியை நம்பலாகாது என்று எத்தனை மாணவர்களுக்குச் சொல்லியிருப்பேன்! என் வீட்டு மேசைமேல் இருந்த படியைப் பதினான்கு மாதங்களில் ஒருமுறையேனும் திறந்து பார்த்தேனில்லை.

ஆகவே, மென்பொருள் தேடும்போது நாம் முதலில் கேட்க வேண்டிய வினா மாறிவிடுகின்றது. எவ்வளவு விரைவாகப் படியெடுக்கும், எவ்வளவு இடத்தை மிச்சப்படுத்தும் என்றே விளம்பரங்கள் பேசுகின்றன. அவை பிறகு இருக்கட்டும். 'கணிப்பொறி நாளைக் காலை இல்லாமற் போனால், வேறொரு கணிப்பொறியில், என் கோப்பை, நான் எவ்வாறு திரும்பப் பெறுவேன்?' என்று கேளுங்கள். இதற்கு விடை கூறாத மென்பொருளை, இலவசமாகவே கிடைத்தாலும், வீட்டிற்குள் விடாதீர்கள்.

இனி, இம்மென்பொருள்கள் எவ்வாறு வேலை செய்கின்றன என்பதைச் சிறிது பார்ப்போம். எளியவை கோப்புக்களை உள்ளபடியே மற்றொரு வட்டில் எழுதி வைக்கும். அவ்வட்டை எந்தக் கணிப்பொறியிலும் பொருத்திக் கோப்பைத் திறந்துவிடலாம். தனி மென்பொருள் வேண்டுவதில்லை. ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் என்ற இருவர் 1996ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆர்சிங்க் என்பது இவ்வகையில் புகழ்பெற்றது. ஒரு கோப்பில் எந்தப் பகுதி மாறியதோ அந்தப் பகுதியை மட்டும் கண்டறிந்து அனுப்பும் வித்தையை அதில் அமைத்தனர். இன்றும் அது வழக்கில் இருக்கின்றது.

ஆனால் உள்ளது உள்ளபடியே படியெடுப்பதில் ஓர் இடர் உண்டு. நீங்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் நடுப்பகுதியைத் தெரியாமல் அழித்துச் சேமித்துவிட்டீர்கள் என்று கொள்வோம். அன்றிரவே மென்பொருள் அந்தக் குறைக் கட்டுரையை நல்ல கட்டுரையின்மேல் எழுதிவிடும். மறுநாள் மூலமும் குறை, படியும் குறை. இதனால்தான் பழைய நிலைகளையும் பாதுகாக்கும் மென்பொருள் நமக்கு வேண்டும். ஏட்டில் பாடபேதம் பதிப்பாசிரியனுக்குத் தலைவலி. இங்கோ அதுவே உயிர்காப்பது. ஆப்பிள் நிறுவனம் 2007ஆம் ஆண்டில் தன் கணிப்பொறிகளோடு சேர்த்து அளித்த டைம் மெஷின் இதை அழகாகச் செய்கின்றது. கடந்த 24 மணி நேரத்திற்கு மணிக்கொரு நிலை, கடந்த ஒரு மாதத்திற்கு நாளுக்கொரு நிலை, அதற்கு முன் வாரத்திற்கொரு நிலை என்று வைத்துக்கொண்டு, வட்டு நிறையும்போது மிகப் பழையவற்றை நீக்கும். விண்டோஸில் 2012ஆம் ஆண்டு முதல் உள்ள ஃபைல் ஹிஸ்டரியும் இயல்பாக மணிக்கொருமுறை மாறிய கோப்புக்களின் நிலைகளைச் சேர்த்து வைப்பதே. உங்கள் கணிப்பொறியிலேயே இருக்கும் இத்தகைய வசதியை முதலில் தேடிப் பாருங்கள். பலருக்கு அதுவே போதும்.

'இத்தனை நிலைகளையும் வைத்தால் இடம் எங்கே?' என்பீர்கள். இங்கேதான் புதிய தலைமுறை மென்பொருள்களின் நுட்பம் இருக்கின்றது. ரெஸ்டிக், கோப்பியா, டூப்ளிகாட்டி என்பவை இவ்வகையின. மூன்றும் விலையின்றிக் கிடைப்பவை, அவற்றின் நிரல்களும் எவரும் படிக்கத் திறந்திருப்பவை. இவை ஒரு கோப்பை முழுமையாக எடுத்து வைப்பதில்லை. துண்டு துண்டாக நறுக்குகின்றன. ரெஸ்டிக்கில் ஒரு துண்டு சராசரியாக ஒரு மெகாபைட் அளவினது. ஒவ்வொரு துண்டிற்கும் கணக்கிட்டு ஒரு கைரேகை எடுக்கின்றன. ஓர் எழுத்து மாறினாலும் கைரேகை முற்றிலும் மாறிவிடும். அடுத்த முறை அதே கைரேகையுள்ள துண்டு வந்தால், 'இது முன்பே என்னிடம் இருக்கின்றது' என்று குறித்துக்கொண்டு மேலே செல்லும். உங்கள் நிழற்படங்கள் பத்தாயிரம் இருந்து, இன்று ஐந்து படம் புதிதாகச் சேர்ந்திருந்தால், ஐந்து படத்திற்குரிய இடமே செலவாகும். ஆயினும் இன்றைய நிலை, நேற்றைய நிலை, சென்ற மாத நிலை ஆகிய மூன்றையும் முழுமையாகத் திரும்பப் பெறலாம்.

அந்தக் கைரேகைக்கு இன்னொரு பயனும் உண்டு. எடுத்து வைத்த துண்டை மீண்டும் படித்து, அதன் கைரேகையைப் புதிதாகக் கணக்கிட்டு, முன்பு குறித்து வைத்ததோடு ஒத்திருக்கின்றதா என்று பார்க்கலாம். ஓலைக் காலத்து ஒப்புநோக்கே இது. பொறி செய்கின்றது, அவ்வளவுதான். இவ்வாறு தன் படியைத் தானே சரிபார்க்கும் கட்டளை ஒரு மென்பொருளில் இருக்கின்றதா என்று கட்டாயம் பாருங்கள்.

மாணவர்கள் பலர் என்னிடம், "ஐயா, எங்கள் கோப்புக்கள் எல்லாம் மேகத்தில் இருக்கின்றன, எங்களுக்கு ஏன் இந்தக் கவலை?" என்று கூறுகின்றனர். மேகம் என்பது வேறொருவருடைய கணிப்பொறி. அங்கே பெரும்பாலும் நடப்பது ஒத்திசைவு. இங்கே எழுதியது அங்கே தோன்றும். இங்கே அழித்தது அங்கேயும் அழியும். கூகுள் டிரைவில் அழித்த கோப்பு 30 நாட்கள் குப்பைக் கூடையில் இருந்து பின்னர் மறைந்துவிடும். தேர்வு விடுமுறையில் தவறுதலாக அழித்த ஒன்றைக் கல்லூரி திறந்தபின் தேடினால் கிடைப்பது அரிது. மேலும், முதன்முறை அனுப்பும் வேலையையும் எண்ணிப் பாருங்கள். 100 கிகாபைட் நிழற்படங்களை, நொடிக்கு 10 மெகாபிட் செல்லும் இணைப்பில் அனுப்ப ஏறத்தாழ 22 மணி நேரம் ஆகும். மேகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதனை ஒரு படியாகக் கொள்ளுங்கள். ஒரே படியாகக் கொள்ளாதீர்கள்.

பீட்டர் குரோக் என்ற நிழற்படக் கலைஞர் எளிதாக நினைவிற் கொள்ளும்படி ஒரு கணக்குச் சொல்லியிருக்கின்றார்: மூலத்தோடு சேர்த்து மூன்று படிகள், அவை இருவகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில். மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கின்றோம். 2015ஆம் ஆண்டு திசம்பரில் சென்னையில் வெள்ளம் புகுந்த வீடுகளை எண்ணிப் பாருங்கள். கணிப்பொறியும் அதன் காப்பு வட்டும் ஒரே மேசையில் இருந்தால், இரண்டும் ஒரே நீரில்தான் மூழ்கும். 1981ஆம் ஆண்டு மே இறுதியில் தொடங்கிய வன்முறையின்போது யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதை நீங்கள் படித்திருப்பீர்கள். 90,000க்கு மேற்பட்ட நூல்கள் அங்கே சாம்பலாயின. அச்சு நூல்களுக்கு வேறிடத்தில் படிகள் இருக்கக்கூடும்; வேறெங்கும் படியெடுக்கப்படாத ஓலைச்சுவடிகள் போனவை போனவையே.

நெருப்பும் நீரும் போதாவென்று இப்போது திருடர்களும் வந்துவிட்டனர். 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் வானாகிரை என்ற தீய மென்பொருள் ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு லட்சத்திற்கு மேற்பட்ட கணிப்பொறிகளுக்குள் புகுந்து, கோப்புக்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இத்தகையவை கணிப்பொறியோடு பொருத்தியிருக்கும் புற வன்தட்டையும் விட்டுவைப்பதில்லை. ஆகவே, படியெடுத்து முடிந்தவுடன் வட்டைக் கழற்றி வையுங்கள். என் வட்டு பதினான்கு மாதமும் பொருத்தியபடியே இருந்தது. அந்த ஆபத்து வராமற் போனது என் நல்லூழ்.

மென்பொருளுக்கும் ஆயுள் உண்டு என்பதை இளைஞர்கள் எண்ணுவதில்லை. வீட்டுக் கணிப்பொறிகளுக்குக் காப்பளித்த கிராஷ்பிளான் என்ற சேவை பலரால் பாராட்டப்பெற்றது. அதன் உரிமையாளர் 2017ஆம் ஆண்டு ஆகஸ்டில், வீட்டினருக்கான பிரிவை மூடப்போவதாக அறிவித்து, 2018ஆம் ஆண்டு அக்டோபரில் மூடிவிட்டனர். முன்னறிவிப்பு இருந்ததால் மக்கள் வேறிடம் தேடிக்கொள்ள முடிந்தது. எல்லா நிறுவனங்களும் அத்தகைய அவகாசம் தரும் என்று எதிர்பார்க்க இயலாது. ஆதலின், படியை எந்த வடிவில் எழுதி வைக்கின்றது என்று பாருங்கள். அவ்வடிவம் வெளிப்படையாக விளக்கப்பட்டிருக்குமானால், செய்தவர் மறைந்தாலும் வேறொருவர் திறக்க வழியுண்டு. தன் கையால் மட்டுமே திறக்கக்கூடிய பெட்டியில் என் பொருளை வைத்துப் பூட்டும் மென்பொருளுக்கு நான் அஞ்சுகின்றேன்.

பூட்டு என்றவுடன் கடவுச்சொல் நினைவுக்கு வருகின்றது. வேறிடத்தில் வைக்கும் படியைக் குறியாக்கம் செய்து பூட்டியே வைக்க வேண்டும். ரெஸ்டிக் எப்போதும் அப்படித்தான் செய்கின்றது. ஆனால் கடவுச்சொல்லை மறந்தால் அதனைச் செய்தவராலும் திறக்க இயலாது. நான் என் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, நிலப் பத்திரங்களோடு வைத்திருக்கின்றேன். மருமகன் சிரித்தான். சிரிக்கட்டும்.

இனி, நான் தேர்ந்தெடுத்த கதை. மிஞ்சிய 16 பாடல்களை வைத்துக்கொண்டு, மருமகனும் நானும் இரண்டு மாதங்கள் ஐந்து மென்பொருள்களைச் சோதித்தோம். சோதனை மிக எளியது. ஒரு கோப்புறையில் பாடல்களின் படியை வைத்தோம், மென்பொருளால் காப்புப்படி எடுத்தோம், கோப்புறையை அழித்தோம், வேறொரு கணிப்பொறியில் அதனை மீட்டெடுக்க முயன்றோம். மீட்ட பாட்டை முதலிலிருந்து முடிவு வரை காதால் கேட்டோம். ஒரு மென்பொருளில் பாட்டெல்லாம் வந்தன. ஆனால் தமிழில் இட்ட பெயர்கள் போய்விட்டன. 'தாலாட்டு' என்றிருந்த இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள் நின்றன! பதினாறு கோப்பும் பதினாறு கேள்விக்குறி வரிசைகளாகத் திரும்பி வந்ததைக் கண்டு சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தமிழில் பெயரிடும் பழக்கமுடையவர்கள் இச்சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். மற்றொன்று பெயரைக் காத்தது, நாளைக் காக்கவில்லை. 2010ஆம் ஆண்டுப் பாட்டும் 2014ஆம் ஆண்டுப் பாட்டும் சோதனை செய்த அன்றே பிறந்தவைபோல் ஒரே தேதியைத் தாங்கி வந்தன. எந்தப் பாட்டை எந்த ஆண்டு பாடினார் என்பதற்கு அத்தேதியன்றி என்னிடம் வேறு குறிப்பில்லை. மூன்றாவது, மீட்கும் பொத்தான் எங்கே இருக்கின்றதென்று கண்டுபிடிக்கவே முக்கால் மணி நேரம் எடுத்தது. அதைச் செய்தவர் மீட்பதைப் பற்றி எண்ணியதே இல்லைபோலும்.

எஞ்சிய இரண்டையும் வைத்துக்கொண்டேன். ஒன்று, கோப்பை உள்ளபடியே எழுதி வைக்கும் எளிய வகை. ஞாயிறுதோறும் வீட்டிலுள்ள வட்டில் நானே எடுக்கின்றேன். என் காலத்திற்குப் பின் கணிப்பொறி அறியாத எவரும் அவ்வட்டைத் திறந்து பாட்டைக் கேட்கலாம். மற்றொன்று, துண்டாக்கிக் குறியாக்கம் செய்யும் ரெஸ்டிக். அதற்குரிய வட்டு திருநெல்வேலியில் என் தங்கை வீட்டில் இருக்கின்றது. இதில் பொத்தான்கள் இல்லை, கட்டளையைத் தட்டெழுத வேண்டும். என் வயதில் அது சற்றே கடினம். தட்டெழுத விரும்பாதவர்களுக்குக் கோப்பியாவும் டூப்ளிகாட்டியும் சாளரங்களோடு கிடைக்கின்றன. உபுண்டு லினக்ஸ் வைத்திருப்போர் டெஜா டூப் என்பதைப் பார்க்கலாம். எதை எடுத்தாலும், எந்தெந்தக் கோப்புறைகள் பட்டியலில் உள்ளன என்பதை உங்கள் கண்ணால் ஒருமுறை படித்துவிடுங்கள். பென் டிரைவ் ஒன்றையே நம்பிக் கல்லூரித் திட்டக் கட்டுரையை எழுதுவோர் உங்களிடையே உண்டென்பதை நான் அறிவேன். அவர்கள் இன்றிரவே அதற்கு இன்னொரு படி எடுக்கட்டும்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மாலை, மருமகன் திருநெல்வேலி வட்டினின்று ஒரு பாட்டை மீட்டெடுத்துத் தொலைபேசியின் வழியே எனக்குக் கேட்கச் செய்வான். நான் மேசைமுன் அமர்ந்து, பாட்டை எழுதிவைத்த ஏட்டோடு ஒப்புநோக்குவேன். இதுவரை ஏழு பாட்டு முடிந்தது. அடுத்தது எட்டாவது, நடவுப் பாட்டு. அதில் நடுவே ஓரடியை மறந்து என் தாயார் நிறுத்திவிடுவார், பின்னணியில் மாடு ஒன்று கத்தும், "அடுத்தது என்னடி?" என்று என் சிற்றன்னையாரைக் கேட்பார், அவர் அடுக்களையிலிருந்து பாடிக்கொண்டே அந்த அடியை எடுத்துக் கொடுப்பார்.